கைப்பையில் சிலிண்டர் சாவி

டாக்டருக்குப் படித்தவர்கள் வேலை தேடி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அவர் என் குடோனுக்கு வந்தார்.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டுக்குப் பின்னால், ஃபியூஸ் கட்டைக்குப் பீங்கான் சுடும் யூனிட்டை ஒட்டி என் குடோன். ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் போடுவது என் தொழில். வேப்பூர், திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு என்று சுற்றிச் சுற்றிப் போடுவேன். குட்டியானை வண்டி ஒன்று, நான் ஒருவன். ஒரு நாள் காலையில் சிலிண்டர்களை உருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினார். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் யாருக்கோ மூச்சுத் திணறல், சிலிண்டர் வாடகைக்குக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“அண்ணே, இந்த ஊர்ல எந்த ஆஸ்பத்திரி மாசத்துக்கு எத்தன சிலிண்டர் எறக்குது?”

“நீங்க யாரும்மா, இன்கம்டாக்ஸா?”

“மயக்க டாக்டர். இப்பதான் படிச்சி முடிச்சேன். வேல தேடறேன்.”

“அதுக்கு ஆஸ்பத்திரிக்கில்ல போவணும்?”

“போனேண்ணே. மீன் தொட்டி காட்டுறாங்க. ஆக்ஸிஜன் எங்க இருக்குதுன்னு கேட்டா பையன காபி வாங்கியாரச் சொல்றாங்க. மாசம் முப்பது ஆபரேஷன் பண்றோம்னு சொல்ற எடம் ரெண்டே சிலிண்டர் வாங்குனா அங்க என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்சிடும். நெசம் உங்ககிட்டதான் இருக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வருகிறவன் நான். என்னிடம் நிஜம் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

மயக்க டாக்டர் என்றால் யார் என்று நம் ஜனங்களுக்குத் தெரியாது. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போய்விடுகிற ஆள் என்று நினைப்பு. கத்தி பிடித்தவருக்குப் பழக்கூடை, சால்வை எல்லாம் வரும். மூச்சைப் பிடித்துவைத்துத் திரும்பக் கொடுத்தவர் யார் என்று ஒரு நாய் கேட்காது. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அவருடைய கைப்பையில் சீப்பு, கண்ணாடி இருந்ததோ என்னவோ, சிலிண்டர் திறக்கிற சாவி ஒன்று இருந்தது. கூடவே ஒரு சின்ன நோட்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போவார். சிலிண்டரைத் தன் சாவியால் திறந்து, மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். சிலிண்டர் கழுத்தில் அடித்திருக்கிற நம்பரை நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு சம்பளம் கேட்டாலும் சரி, சம்மதம் கேட்டாலும் சரி, ஒரே பதில்தான்.

“பாத்துட்டுச் சொல்றேன்.”

அவருடைய அப்பா திட்டக்குடிப் பக்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடவே அலைவார். ஒரு நாள் என் குடோனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அழாத குறையாகச் சொன்னார்.

“முப்பது வருஷம் நான் ரைட்டு ரைட்டுன்னு சொல்லியே குடும்பத்த ஓட்டுனவன். எம்பொண்ணு எந்த ஸ்டாப்பிங்குலயும் ரைட்டு சொல்ல மாட்டேங்குது சார். ஹோல்டான், ஹோல்டான்னே நிக்குது.”

“டிக்கெட் கொடுத்துட்டுத்தானப்பா ரைட்டு குடுப்ப?” என்றார் மகள்.

“அதுக்குன்னு டயரத் தட்டிப் பாத்துட்டா குடுப்பேன்?”

“பாத்திருக்கணும்.”

அப்பா டீயை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மீன் தொட்டி வைத்த ஆஸ்பத்திரி கதையை அந்த அப்பாதான் சொன்னார். அஞ்சு மாடி. வாசலில் கண்ணாடிக் கதவு. முதலாளி டாக்டர், மகளிடம் வைத்தியம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம்தான் பேசினாராம். நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கு உறவு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா, மாப்பிள்ளையும் டாக்டராக இருந்தால் இரண்டு பேருக்கும் இங்கேயே வேலை. கடைசியில் ஒரு போட்டோ கேட்டார். எதற்கு என்று தெரியாமல் அப்பா ஃபைலில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் பிளெக்ஸ் நிற்கிறது. முதலாளி டாக்டர் கை கூப்பி நிற்கிறார், அவர் தோளுக்குப் பக்கத்தில் இந்த அம்மாவின் முகம், தபால்தலை அளவுக்கு. ‘எங்கள் குடும்பத்தில் இணைந்த புதிய விடியல்’ என்று எழுதியிருந்தது.

டாக்டரம்மா ஸ்கூட்டியைப் பிளெக்ஸுக்கு அடியிலேயே நிறுத்திவிட்டுப் போன் போட்டார். நான் எதிர்ப்பக்கம் வண்டியில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“சார், நான் இன்னும் சேரல. எறக்குங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ.

“நல்லாத்தான் இருக்குது சார். ஒங்க தியேட்டர்ல உறிஞ்சுற மெஷின் ஓடல. அத ஓட வெச்சிட்டு என் மூஞ்சிய மாட்டுங்க.”

பிளெக்ஸ் இறங்கியது. மெஷின் ஓடியதா என்று கேட்காதீர்கள். பிளெக்ஸ் மாட்டியிருந்த மரச்சட்டத்தில் அடுத்த வாரம் காதுகுத்து விளம்பரம் வந்தது.

இன்னொரு இடத்தில் இன்னும் சுலபமான வேலை. மேனேஜர் ஒருவன் சொன்னானாம்: “நீங்க தெனம் வரவேணாம் மேடம். ஒங்க சர்டிபிகேட் நகலும் பேரும் போதும். போர்டுல எழுதிக்கிறோம். ஆபீசருங்க வந்தா மட்டும் ஒரு எட்டு வந்து நில்லுங்க.”

“அப்ப மயக்கம் யாரு குடுப்பாங்க?”

“அது நம்ம சீனியர் நர்ஸே பழகிட்டாங்க மேடம்.”

“நான் வராத எடத்துல எம்பேரு வராது” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். கிளம்பும்போது மேனேஜர் ஒரு பெட்டியைக் கையில் திணித்திருக்கிறான். உள்ளே பீங்கான் பிள்ளையார். நம் ஊரில் யார் யாரைப் பார்க்கப் போனாலும் செராமிக் யூனிட்டில் செய்த பிள்ளையார் ஒன்று கையோடு வரும். அந்த அம்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை, பிள்ளையார் நாலு சேர்ந்துவிட்டது.

ஊர் என்ன பேசியது? “ராங்கி புடிச்ச பொம்பள” என்றது. மருந்துக் கடைக்காரன் சொன்னான், லேப்காரன் சொன்னான். “இத்தினி வயசுல வேல குடுக்கறவனையே பரீட்ச வெக்குது” என்றார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இது. கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருகிப் பார்ப்பான். உயிரை வைத்துச் செய்கிற வேலைக்கு ஒருத்தி திறந்து பார்த்தால் மட்டும் ராங்கி.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக ஒரு ஆஸ்பத்திரி. பிரசவ ஆஸ்பத்திரி. அதன் முதலாளி டாக்டர் கெட்டவர் இல்லை. கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் ஆபரேஷன் என்றால் கடலூரிலிருந்து மயக்க டாக்டர் வர வேண்டும், பாதி நேரம் வர மாட்டார். மயக்க டாக்டர் ஒருவர் உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும் என்று மணவாளநல்லூர் முருகனுக்குப் பிராது கட்டியிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதுகிற மாதிரி குறையை ஒரு தாளில் எழுதிக் கோயிலில் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். முருகன் டாக்டரை அனுப்பிவிட்டார். சிலிண்டரையும் கேட்டு எழுதியிருக்கலாம், அதை மறந்துவிட்டார் மனுஷன்.

என் மகளுக்கு அங்கேதான் பிரசவம் பார்ப்பதாக இருந்தது. குழந்தை தலை மேலே இருக்கிறது, ஆபரேஷன்தான் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். முதலாளி டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, அந்த மயக்க டாக்டர் ஒன் குடோனுக்கு வந்துபோவுதாமே. நீ சொன்னா கேக்கும். கொண்டாந்து சேத்துடு. ஒம்பொண்ண நான் என் பொண்ணாட்டம் பாத்துக்குறேன்.”

“சேருங்கன்னு சொல்லிடுவேன் சார். ஆனா அது வந்து தொறந்து பாக்குமே.”

அவருக்கும் எனக்கும் தெரியும். அந்தத் தியேட்டரில் மெஷினில் மாட்டிய சிலிண்டர் ஒன்று பாதி இருக்கும். மூலையில் நிற்கிற உபரி சிலிண்டர் காலி. வருஷக்கணக்காகக் காலி. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள், அதோடு சரி.

“ஒன்னு நெறச்சதா கொண்டாந்து வெச்சிடேன், ரெண்டு நாளைக்கி” என்றார்.

இது புதிது இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு ஆய்வு வந்தாலும் நான் செய்கிற வேலைதான். பெண் பார்க்க வரும்போது இரவல் நகை போட்டு நிறுத்துவதில்லையா, அந்த மாதிரி. இதற்கென்றே ஒரு சிலிண்டரைத் துடைத்து வைத்திருந்தேன். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள், பளபளவென்று இருக்கும். அதற்கு நான் வைத்த பெயர் உற்சவர். மூலவர் உள்ளே காலியாக நிற்க, உற்சவர் ஊர் ஊராகப் போய்வருவார்.

டாக்டரம்மா என்னிடம் வந்து கேட்டார். “அண்ணே, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி எப்புடி?”

“நல்ல எடம்மா. சேந்துடுங்க.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

திங்கட்கிழமை காலையில் உற்சவரைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்தினேன். பதினொரு மணிக்கு அவர் வந்தார். இரண்டு சிலிண்டரையும் திறந்து பார்த்தார், நம்பர் எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, “சரி சார், சேந்துக்குறேன்” என்றார். அப்பா வாசலில் நின்று “ரைட்டு!” என்று கத்தினாராம்.

புதன்கிழமை சேத்தியாத்தோப்பில் ஒரு நர்சிங் ஹோமுக்கு ஆய்வு வருகிறது என்றார்கள். உற்சவர் புறப்பட்டுவிட்டார். பழைய காலியைத் திரும்ப மூலையில் வைத்தேன். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. அதற்குள் லோடு வந்துவிடும் என்று கணக்கு. லோடு வரவில்லை. உபரி சிலிண்டரை எவன் தொடப்போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன். உள்ளே படுக்கப்போவது என் மகள் என்று தெரிந்தே விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் நல்ல நேரம். சம்பந்தியம்மா ஜோசியரிடம் கேட்டு எழுதி வாங்கி வந்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். பேரன்தான், அதற்கு முன்னால் பிறந்தால் கலெக்டர், பின்னால் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மகளை ஒன்பது மணிக்கே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மருமகன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான்.

ஒன்பது இருபதுக்குத் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டரம்மா பச்சைத் துணியோடு வெளியே வந்தார். பின்னாலேயே முதலாளி டாக்டர்.

“உபரி சிலிண்டர் காலி. நான் ஆரம்பிக்க மாட்டேன்” என்றார்.

“மெதுவா பேசுங்கம்மா. ஆளுங்க இருக்காங்க” என்றார் முதலாளி டாக்டர். “முதுகுல ஒரு ஊசி. அதுக்கு எதுக்கு ரெண்டு சிலிண்டர்?”

“முதுகுல போட்ட மருந்து மேல ஏறுனா மூச்சு நின்னுடும் சார். மெஷின்ல பாதிதான் இருக்குது. அது தீந்தா நான் என்ன, வாயால ஊதறதா?”

“எத்தன வருஷமா இப்புடித்தான் பண்றோம்.”

“எத்தன வருஷமா ஒண்ணும் ஆவல, அவ்ளோதான் சார்.”

சம்பந்தியம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் எழுந்து வந்துவிட்டார். “ஏம்மா, நீ என்ன பெரிய டாக்டரா? அவுரு எவ்ளோ பெரியவரு, அவுரே செய்யலாம்னு சொல்றாரு. எம்பேரன் நேரத்த நீ யாரு கெடுக்கறதுக்கு?”

“பாட்டியம்மா, நேரம் நாளைக்கும் வரும்.”

“யாரடி பாட்டிங்கற?”

எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அதை மறைக்க மாட்டேன். “டாக்டரம்மா, நேரம் போவுதும்மா, எம்பொண்ணும்மா” என்று நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஒங்க பொண்ணா? அப்ப ஏண்ணே நிக்கறீங்க? ஒங்ககிட்டதான சிலிண்டர் இருக்குது. போயி எடுத்தாங்க.”

குடோனில் நிறைந்தது ஒன்றுகூட இல்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிறை சிலிண்டர் சேத்தியாத்தோப்பில் நின்றுகொண்டிருந்தது. வண்டியை எடுத்தேன். போன வழி நினைவில் இல்லை. அந்த நர்சிங் ஹோமில் ஆபீசர்கள் மத்தியானம் வருவதாக வாழை இலை வாங்கி வைத்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் பின்வாசல் வழியாக உற்சவரைச் சாய்த்து உருட்டி வண்டியில் ஏற்றினேன். “யோவ், யோவ், ஆய்வுய்யா!” என்று ஒருவன் ஓடி வந்தான். “என் பொண்ணுய்யா!” என்று நான் கத்திக்கொண்டே கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பதினொன்று ஆகிவிட்டது. அசல் ராகு காலம். அதற்குள் இங்கே கட்சி மாறியிருந்தது. பன்னிரண்டு மணி வரை ஆபரேஷன் கூடாது என்று சம்பந்தியம்மா கதவில் சாய்ந்து நிற்கிறார். முதலாளி டாக்டரும், “அவங்க இஷ்டம்னா ஒரு மணி நேரம் பாப்போம்” என்கிறார். ஒருவர் மட்டும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

“கொழந்த துடிப்பு எறங்குது. இனிமே ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. சிலிண்டர் வந்துடுச்சில்ல, நகருங்க!”

சிலிண்டரை நான்தான் உள்ளே உருட்டிக்கொண்டு போனேன். அவர் குனிந்து சாவி போட்டுத் திறந்தார். முள் நிறைந்து நின்றது. கழுத்தில் நம்பரைப் பார்த்தார். நோட்டை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வெளிய இருங்கண்ணே” என்றார்.

மேஜையில் என் மகள் படுத்திருந்தாள். இரண்டு மணி நேரமாக அந்தம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார் என்று அவள் பிறகு சொன்னாள். நடுவில் எழுந்து வெளியே வந்து எங்களிடம் திட்டு வாங்கிவிட்டு, மறுபடி உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பேசுவாராம்.

பேத்தி பிறந்தாள். பேரன் என்று ஜோசியர் சொன்னதும் பொய்யானது. பிறந்த உடனே அழவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அழுதாள். தாயும் பிள்ளையும் சுகம்.

அந்த உபரி சிலிண்டரைத் தொடவே இல்லை. மெஷினில் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஊருக்கு அது போதும். “பாத்தியா, அந்த சிலிண்டர தொடக்கூட இல்ல. சும்மா வீம்பு. ராகு காலத்துல கொழந்தய எடுத்துட்டா” என்று சாயங்காலத்துக்குள் மருந்துக் கடை வரைக்கும் பேசிவிட்டார்கள். ஒரு பிணம் விழுந்திருந்தால் அவர் சொன்னதை நம்பியிருப்பார்கள். பிணம் விழாமல் பார்த்துக்கொண்டதுதான் அவர் செய்த குற்றம். பிழைத்த என் மகளின் மாமியாரே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்.

அன்று மாலையே முதலாளி டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “ஒங்களுக்கும் நம்ம ஊருக்கும் ஒத்து வராதும்மா. நீங்க பெரிய ஊருல இருக்க வேண்டியவங்க.” கையில் ஒரு பெட்டி கொடுத்தார். அஞ்சாவது பிள்ளையார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, “ஒங்க பொண்ணுக்கு ரெண்டு நாளைக்கி தலகாணி வெக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே, தலவலி வரும்” என்றார். போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தவழ்கிறாள் என்றேன். வேலை கிடைத்ததா என்று கேட்டேன்.

“கெடச்சிடுச்சிண்ணே. மலையடிவாரத்துல ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. அப்பாவுக்குப் புடிக்கல. ஏசி இல்ல, மீன் தொட்டி இல்ல.”

“தொறந்து பாத்தீங்களா?”

“பாக்கவே விடல. நான் போயி நின்னதும் அங்க இருந்த தியேட்டர் நர்ஸம்மா வாசல்லயே மறிச்சிட்டாங்க. ‘வராதீங்க டாக்டர், இங்க மீட்டரு ஒண்ணு பழுது. உபரி சிலிண்டர் வாரத்துல ரெண்டு நாள் இருக்காது. நாலு தடவ எழுதிக் குடுத்துட்டோம். இருக்குற அன்னிக்கி மட்டும் கேஸ் எடுப்போம், இல்லாத அன்னிக்கி அனுப்பிடுவோம். தெரிஞ்சிக்கிட்டு வந்தா வாங்க’ன்னு சொன்னாங்க.”

“ஐயோ, அப்புறம்?”

“அங்கியே கையெழுத்துப் போட்டுட்டேன். அன்னிக்கித்தான் நான் சாவிய எடுக்கல.”

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“அன்னிக்கி நான் கேட்டப்ப நீங்களும் காலின்னு சொல்லியிருக்கலாம்ணே. நான் அங்கயே சேந்திருப்பேன். ரெண்டு பேருமா சேந்து சண்ட போட்டு வாங்கியிருக்கலாம்.”

மன்னிச்சிடுங்க என்று சொல்லத் தெரியாத நாய் நான்.

“சாப்டீங்களாம்மா?” என்றேன்.

“இன்னும் இல்லண்ணே. கேஸ் இருக்குது” என்று வைத்துவிட்டார்.